தொத்து நோய்க் காலமும் சங்கத்தின் கடமையும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க மெம்பர்களின் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கத்தின் கணக்கைப் பரிசோதிக்க வருகிறவன் வியாதியைக் குறித்துப் பேச எழுந்திருப்பது உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். வியாதியைப் பற்றிச் சொல்ல வைத்தியர் இருக்கிறார். சுகாதார இன்ஸ்பெக்டர் இருக்கிறார். மருந்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதற்கு வேண்டிய படிப்பு எனக்கில்லை. தொத்து நோய்க் காலத்தில் வைத்தியர்களும் சர்க்காரும் சொல்லும் விதிகளை ஜனங்கள் எப்பொழுது அனுசரிக்கிறார்கள், எப்பொழுது அனுசரியாமல் விடுகிறார்கள், அதற்குக் காரணம் யாது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன். இதை நான் அறிந்துகொண்டது ஒரு பால் சங்கத்தின் கொள்முதல் பதிவேட்டைப் பார்த்தபொழுது.

2020-ஆம் வருஷம் ஆடி மாதம். கொரோனா நோய் பட்டணங்களை விட்டுக் கிராமங்களுக்கு வந்துகொண்டிருந்த சமயம். ஓர் ஊரில் பால் சங்கத்தின் கூட்டம் நடந்தது. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். நோய் கண்ட வீட்டின் வாசலில் அக்காலத்தில் ஒரு தாளை ஒட்டிவைப்பார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய தாள் ஒட்டப்பட்ட வீட்டிலிருந்து மறு தீர்மானம் வரையில் பால் வாங்குவதில்லை என்று அக்கூட்டத்தில் ஒருமனதாக முடிவு செய்தார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆட்சேபணை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமன்று, இவர்கள் ஜாக்கிரதையுள்ளவர்கள் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்று மாதங்கள் கழித்துக் கணக்குப் பரிசோதனைக்காக அவ்வூருக்கு மறுபடியும் போனேன். ஆவணி மாதத்தில் கீழைத்தெரு முழுவதும் ஜுரமும் இருமலுமாகக் கிடந்தது என்று வழியிலேயே சொன்னார்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்த மூன்று வாரங்களில் கீழைத்தெரு மெம்பர்களில் ஒருவராவது ஒரு வேளையாவது பால் ஊற்றத் தவறவில்லை! காலையிலும் மாலையிலும் எல்லோருடைய பெயருக்கு எதிரிலும் லிட்டர் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. சாதாரண மாதங்களில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை.

அதன் பொருள் என்ன? ஜுரத்தோடு எழுந்து பால் கறந்தார்கள். இருமலை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எழுந்திருக்க முடியாதவர்கள் பிள்ளைகளிடம் கேனைக் கொடுத்தனுப்பினார்கள். ஒருவரும் பரிசோதனைக்குப் போகவில்லை. பரிசோதனைக்குப் போனால் தாள் வரும். தாள் வந்தால் பால் நிற்கும். பால் நின்றால் அடுப்பு நிற்கும். ஒரு மெம்பருடைய தாயாருக்கு ஒன்பது நாள் வரையில் சுக்குக் கஷாயமே வைத்தியமாயிருந்தது. பத்தாம் நாள் மூச்சுத் திணறல் கண்டபிறகே ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பரிசோதித்ததில் கொரோனா என்று தெரிந்தது. அவ்வம்மாள் திரும்பி வரவில்லை. அந்த மெம்பர் என்னிடம், “ஐயா, எனக்கு விதி தெரியாதென்று நினைக்கிறீர்களா? வானொலியில் தினம் பத்துத் தடவை கேட்டேன்” என்றார். அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் நானும் இருந்தேனல்லவா?

ஜனங்கள் விதியை அனுசரியாதபொழுது, “கிராமத்தார் அறியாதவர்கள், சொன்னால் விளங்காது” என்று சொல்லிவிடுவது நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு வழக்கம். கீழைத்தெருவார் அறியாதவர்கள் அல்லர். முகக்கவசம் எதற்கு, சோப்பினால் கை கழுவுவது எதற்கு, நோயாளி தனித்திருப்பது எதற்கு என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னவன் நஷ்டமடைவான் என்று நாம் ஏற்பாடு செய்துவைத்திருந்தோம். ஆகவே ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை.

இது புதிய அனுபவமன்று. 1896-ஆம் வருஷம் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. நோயாளிகளைப் பலவந்தமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், போனவர் திரும்புவதில்லை என்ற பீதி பரவி, அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். அடுத்த வருஷம் சர்க்கார் தொத்து நோய்ச் சட்டத்தை இயற்றியது. புனா நகரத்தில் ராண்டு என்ற அதிகாரியின் கீழ்ப் பட்டாளத்து வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். பூஜை அறை என்றும் சமையலறை என்றும் பாராமல் நுழைந்தார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள், ஸ்திரீகளை அவமதித்தார்கள் என்ற குறை எங்கும் எழுந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? நோயாளிகளை ஒளித்தார்கள், இறந்தவர்களை இரகசியமாக அடக்கம் செய்தார்கள், ஊரை விட்டு ஓடினார்கள், ஓடிய இடத்துக்கெல்லாம் நோயையும் கொண்டுபோனார்கள். 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு சாபேக்கர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அவர் சில நாட்களில் இறந்தார். பிளேக்கை அடக்க வந்த ஏற்பாடு பிளேக்கோடு கலகத்தையும் வளர்த்தது. பின்னர் சர்க்காரே பலவந்தத்தைத் தளர்த்தி, அந்தந்தச் சமூகத்தார் தங்கள் ஆஸ்பத்திரிகளைத் தாங்களே நடத்த இடங்கொடுத்து, ஊர்ப் பெரியோர்களின் ஒத்தாசையை நாட வேண்டியதாயிற்று.

அப்படியானால் நம் ஜனங்கள் கட்டுப்பாட்டுக்கே அடங்காதவர்களோ என்றால், அதுவும் இல்லை. வைசூரிக் காலத்தை முதியோர்கள் நினைத்துப் பாருங்கள். அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்த மாத்திரத்தில் வெளியார் உள்ளே நுழையார். அவ்வீட்டார் பிறர் வீட்டு விசேஷங்களுக்குப் போகார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரையில் நோயாளி தனியே படுத்திருப்பார். போலீஸ்காரர் ஒருவரும் காவல் நிற்கவில்லை. இன்றைக்கும் சின்னம்மை கண்ட வீட்டில் இவ்வழக்கம் இருப்பதைக் காண்கிறோம்.

வாசலில் செருகிய வேப்பிலையும் வாசலில் ஒட்டிய தாளும் சொன்னது ஒரே விஷயத்தைத்தான்: “இங்கே நோய் இருக்கிறது, உள்ளே வராதீர்.” வேப்பிலையை வீட்டாரே செருகினார்கள்; தாளை வெளியார் வந்து ஒட்டினார்கள். வேப்பிலை கண்ட வீட்டுக்கு அம்மன் வந்திருக்கிறாள் என்று மரியாதை; அடுத்த வீட்டார் இளநீர் கொண்டுவந்து திண்ணையில் வைத்துப் போவார்கள். தாள் கண்ட வீட்டுக்கோ இழிவு. சில இடங்களில் தகரம் அடித்து வழியையே அடைத்தார்கள். மரியாதையோடு சேர்ந்த விதியை ஜனங்கள் தாமே காத்தார்கள். இழிவோடு சேர்ந்த விதிக்குத் தப்பப் பார்த்தார்கள். 2020 டிசம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும், தகுதியுள்ள அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் இத்தகைய தாளை வீட்டு வாசலில் ஒட்டலாகாது என்று கூறிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வழக்கமெல்லாம் நல்லதென்று நான் சொல்வதாக எண்ணலாகாது. வேப்பிலை வைசூரியை ஒழிக்கவில்லை. அம்மை குத்தியதுதான் ஒழித்தது. அம்மனுக்குக் கோபம் வரும் என்று பயந்து அம்மை குத்துகிறவரைக் கண்டு ஓடியவர்கள் பலர். அதனால் மாண்ட குழந்தைகளும் பல. 1975-ஆம் வருஷத்தில்தான் இந்தியாவில் வைசூரி ஓய்ந்தது. 1980-இல் உலகத்தை விட்டே அது நீங்கியதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. விதி எதுவென்பதை வைத்தியர்களே சொல்ல வேண்டும். அதை இழிவில்லாமல் அனுசரிக்க வழி செய்வது ஊராரின் வேலை.

நிற்க. மரியாதை மட்டும் போதாது. அனுசரிக்கச் சக்தியும் வேண்டும். நோய் கண்டவர் தனி அறையில் இருக்கவேண்டும் என்பது விதி. ஒரே அறையுள்ள வீட்டில் ஆறு பேர் வசித்தால் தனி அறைக்கு எங்கே போவது? பதினான்கு நாள் வெளியே வராதே என்றால், அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குகிறவன் பதினான்கு நாளும் எதைச் சாப்பிடுவான்? கையில் பணமுள்ளவன் விதியை அனுசரிப்பதைப் பெரிய ஒழுக்கமாகவும், இல்லாதவன் அனுசரியாததைப் பெரிய குற்றமாகவும் பேசுவது நியாயமாகாது.

ஒரே மாதத்தில் நடந்த இரண்டு காரியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி, சென்னை முதலிய நகரங்களில் 26-ஆம் தேதி முதல் 29-ஆம் தேதி வரை முழு அடைப்பு என்று அறிவித்தார்கள். 25-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டில் ஜனங்கள் தோளோடு தோள் இடிக்கக் கூடினார்கள். நாலு நாளைக்குக் காய்கறி கிடைக்காமற் போகுமோ என்ற பயந்தான் காரணம். அந்த மார்க்கெட்டில் பரவிய தொத்து, அங்கே வேலை செய்து ஊர் திரும்பியவர்கள் மூலம் அரியலூர், கடலூர், விழுப்புரம் முதலிய ஜில்லாக்களுக்கும் போயிற்று. மே 5-ஆம் தேதி மார்க்கெட்டையே மூட நேர்ந்தது.

அதே ஏப்ரல் மாதத்தில் நம் ரேஷன் கடைகளில் நடந்தது என்ன? அரிசிக் கார்டு ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் முதலியவையும் கொடுக்கும்படி சர்க்கார் உத்தரவிட்டது. கார்டுகள் ஏறக்குறைய இரண்டு கோடி. அந்தக் கடைகளில் மிகப் பெரும்பான்மையானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. எந்தத் தேதியில் எந்த வேளையில் வரவேண்டும் என்று குறித்து வீடு வீடாக டோக்கன் கொடுத்தார்கள். தரையில் வட்டம் போட்டார்கள். முதல் நாட்களில் அங்கங்கே நெருக்கடி இருந்தபோதிலும், தன் பங்கு தனக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை வந்தவுடன் ஜனங்கள் வட்டத்தில் நின்றார்கள். அதே தமிழ் ஜனங்கள்தான், அதே நோய்தான். பங்கு நிச்சயமில்லாத இடத்தில் இடித்துக்கொண்டார்கள். பங்கு நிச்சயமான இடத்தில் பொறுமையாக இருந்தார்கள்.

மூன்றாவது விஷயம், சொல்கிறவர் யார் என்பது. 1897 ஜனவரியில் ஹாப்கின் என்ற பண்டிதர் பம்பாயில் பிளேக் தடுப்பு மருந்தைக் கண்டபொழுது, முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார். தான் செய்யாததைப் பிறருக்குச் சொல்கிறவனை நம் ஜனங்கள் நம்புவதில்லை. முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு முகக்கவசத்தின் அவசியத்தைப் பிரசங்கம் செய்தவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் பொதுஜனங்களுக்குத் தைரியமூட்டும்பொருட்டுச் சென்னை அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி இருதய நோயினால் இறந்தார். ஊசியினால்தான் இறந்தார் என்ற பேச்சு ஒரே பகலில் ஊரெல்லாம் பரவியது. அப்படியன்று என்று வைத்தியர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய சர்க்காரின் நிபுணர் கமிட்டியும் விசாரித்து, ஊசி காரணமன்று என்று முடிவு கூறிற்று. ஆனால் அம்முடிவு வெளிவந்தது அக்டோபரில். அதற்குள் எத்தனையோ ஊர்களில் ஜனங்கள் ஊசி என்றாலே ஒதுங்கினார்கள். வதந்தி வரும் வேகத்தில் உண்மை வருவதில்லை. அந்த இடைக்காலத்தில் சந்தேகப்பட்டவனைப் பரிகாசம் செய்தவர்களால் ஒன்றும் ஆகவில்லை. “நான் போட்டுக்கொண்டேன், இரண்டு நாள் ஜுரம் இருந்தது, பிறகு வயலுக்குப் போனேன்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வார்த்தைக்கே பலன் இருந்தது. 2021 செப்டம்பர் 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40,000 இடங்களில் முகாம் வைத்து, ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்ட ஊசி போட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, இடமும் ஊருக்குள்ளேயே. கூலியை இழந்து பஸ் ஏறிப் போகவேண்டிய சிரமம் நீங்கியது. ஊசி போட்டுக்கொண்ட அயலாரையும் அதற்குள் எல்லோரும் கண்டிருந்தார்கள்.

இனி வேறொரு பதிவேட்டைப் பற்றிச் சொல்கிறேன். இது பெண்களே நடத்தும் ஒரு பால் சங்கம். 2021 மே மாதத்தில், இரண்டாவது அலை மிகவும் கடுமையாக இருந்தபொழுது, அவர்களும் ஒரு தீர்மானம் செய்தார்கள். ஜுரம் கண்ட வீட்டார் உடனே காரியதரிசிக்குச் சொல்லியனுப்ப வேண்டியது. சொன்ன வீட்டிலிருந்து ஒருவரும் சங்கத்துக்கு வரவேண்டியதில்லை. வீட்டில் சுகமாயுள்ளவர் கறந்து வாசலில் வைத்தால் சங்கத்து ஆள் வந்து எடுத்துக்கொள்வார். ஒருவரும் எழமுடியாவிட்டால் அடுத்த வீட்டுக்காரி முகக்கவசம் அணிந்து திறந்த கொட்டிலில் கறந்து கொடுப்பாள். மாட்டுக்குப் புல்லும் போடுவாள். தீவன மூட்டை கடனாக வாசலுக்கே வரும். பால் பணம் தவணை தவறாமல் வீட்டுக்கே வந்துவிடும். தீர்மானம் இவ்வளவே, ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை.

அந்தச் சங்கத்தின் பதிவேட்டில் அவ்வருஷம் பதினான்கு வீடுகளுக்கு எதிரே ‘வீட்டில் சுகவீனம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. சில நாட்கள் பால் குறைந்திருந்தது. சில வேளைகள் காலியாகவும் இருந்தன. சங்கத்துக்குச் சிறிது நஷ்டமும் உண்டு. பரிசோதனைக்காரன் என்ற முறையில் குறையெழுத வேண்டிய பதிவேடுதான். ஆனால் நான் பார்த்த பதிவேடுகளில் அதைவிட யோக்கியமானது வேறில்லை. அவ்வூரிலும் நோய் பரவாமலில்லை. ஆனால் நோய் எந்த வீட்டில் இருக்கிறதென்று ஊருக்குத் தெரிந்திருந்தது. மூச்சுத் திணறுகிற கிழவியை நாலாம் நாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிந்தது. அவ்வம்மாள் திரும்பி வந்தாள்.

மெம்பர்களே! இதெல்லாம் சங்கத்துக்குப் புறம்பான விஷயம் என்று எண்ணாதீர்கள். 1904-ஆம் வருஷத்தில் திரூரில் முதல் ஐக்கிய நாணய சங்கம் ஏற்பட்ட காலத்தில், கிராமச் சங்கங்களெல்லாம் வரையறையற்ற பொறுப்பின்மேல் ஸ்தாபிக்கப்பட்டன. ஒரு மெம்பர் கடனைக் கட்டத் தவறினால் அந்தப் பாரம் எல்லா மெம்பர்கள்மேலும் விழும். தொத்து நோயும் அத்தகையதே. இருமல் காண்பதற்கு முன்னரே ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்குப் போய்விடுகிறது. வாலிபனுக்கு லேசாக வந்தது வீட்டுக் கிழவரின் உயிரைக் கொண்டுபோகிறது. என் உடம்பு, என் இஷ்டம் என்று ஒருவரும் சொல்ல இயலாது. விளைச்சல் பொய்த்த மெம்பர் முன்கூட்டியே வந்து சொன்னால் நல்ல சங்கம் தவணை நீட்டிக் கொடுக்கிறது. சொன்னவுடனே ஜப்தி என்றால், ஒருவரும் சொல்லார். பொய்க் கணக்கு வளரும். ஒருநாள் சங்கமே முழுகும். கடனில் நமக்குத் தெரிந்த இந்த நியாயத்தை நோயில் மறந்துவிட்டோம்.

சட்டமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. தெரிந்தே நூறு பேரைக் கூட்டி விருந்து நடத்துகிறவனுக்குச் சட்டம் வேண்டியதுதான். ஆனால் பயந்து ஒளிகிறவனுக்குச் சட்டத்தைக் காட்டினால் இன்னும் ஆழமாக ஒளிவான்.

ஆகையால் உங்கள் முன் சில யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, நோயைத் தெரிவித்த காரணத்தால் எந்த மெம்பருக்கும் பால் நிறுத்தமோ, கடன் மறுப்போ, வேறு நஷ்டமோ நேராது என்று இப்பொழுதே ஒரு தீர்மானம் செய்துவையுங்கள். நோய் வந்தபிறகு கூடினால் பயமே தீர்மானம் எழுதும். எங்கள் ஆடி மாதக் கூட்டத்தில் அப்படித்தான் ஆயிற்று. இரண்டாவது, துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், பொது நன்மைக்கென்று ஒதுக்கும் லாபத்தில் ஒரு பகுதியை இத்தகைய காலத்துக்கென்று சேர்த்து வாருங்கள். கூலி இழந்த வீட்டுக்குப் பதினைந்து நாள் அரிசிக்காவது அது உதவட்டும். மூன்றாவது, ஒரே அறையுள்ள வீடுகள் எவை, தனியே வசிக்கும் முதியோர் யார் என்று ஒரு ஜாபிதா தயாரியுங்கள். நோயாளி தனித்திருக்கச் சங்கக் கட்டடத்தின் ஓர் அறையையோ, தலைமையாசிரியரின் சம்மதத்தோடு பள்ளிக்கூடத்தையோ உபயோகிக்கலாம். நான்காவது, சர்க்கார் விளம்பரம் வந்தால் பால் ஊற்றும் வேளையில் காரியதரிசி அதை உரக்க வாசித்து, கேட்கிற சந்தேகங்களை எழுதிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரிடம் கேட்டு மறுநாளே பதில் சொல்ல வேண்டும். ஐந்தாவது, ஊசியானாலும் முகக்கவசமானாலும், பஞ்சாயத்தார் முதலில், மெம்பர்கள் பிறகு.

கொரோனா உலகளாவிய அவசர நிலையாக இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்ததும் நாம் முகக்கவசங்களை எறிந்துவிட்டோம், அதில் தவறில்லை. அந்த அனுபவத்தையும் சேர்த்து எறிந்துவிடுவது தவறு. 1918-ஆம் வருஷத்து விஷ ஜுரத்தில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த தலைமுறையில் அதைப் பேசுவாரில்லை. மறுபடியும் ஒரு நோய் வரும். அது எந்தக் கிருமி என்பதை வைத்தியர்கள் கண்டுபிடிப்பார்கள். அது எந்த வீட்டில் இருக்கிறது என்பதை அவ்வீட்டார் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். சொல்லலாம் என்ற தைரியத்தை அவர்களுக்குக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

நடவடிக்கைப் புஸ்தகம் மேஜைமேல் இருக்கிறது. அந்த முதல் தீர்மானத்தையாவது இன்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுக் கலைவீர்களானால், அந்தக் கீழைத்தெரு மெம்பருக்கு நான் சொல்ல முடியாமற்போன பதிலை நீங்கள் சொன்னவர்களாவீர்கள்.